சுருளில் என்ன எழுதியிருந்தது?

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மண்டபம் வடகடல் கரையில், கரையேற்றிக் கிடந்த இரண்டு வல்லங்களுக்கு நடுவே திரை கட்டி ‘குங்ஃபூ பாண்டா’ படம் காட்டினோம். போன இதழில் அதைப் பற்றி நாலு வரி எழுதி, பார்த்தவர்கள் கருத்தும் கேள்வியும் அனுப்பலாம் என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தேன். ஒரு கட்டு கடிதம் வந்துவிட்டது. அன்றைக்கு மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பாதி, வீட்டில் டிவியில் பார்த்தவர்கள் பாதி. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்குமே ஊரை மட்டும் போடுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதை: பழைய சீனாவில் நூடுல்ஸ் கடை நடத்தும் ஒரு வாத்து. அதன் வளர்ப்பு மகன் போ, குண்டுப் பாண்டா, குங்ஃபூப் பைத்தியம். சிறை உடைத்து வருகிற தாய் லுங் என்ற பனிச்சிறுத்தையை அடக்க ஒரு ‘டிராகன் வீரன்’ வேண்டும். கிழட்டு ஆமை ஊக்வே விரலை நீட்டும்போது, வேடிக்கை பார்க்க வந்து பட்டாசோடு பறந்து விழுந்த போ அந்த விரலுக்கு எதிரே கிடக்கிறான். 2008-ல் அமெரிக்காவின் ட்ரீம்வொர்க்ஸ் எடுத்த படம், ஒன்றரை மணி நேரம். எங்களிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

கேள்வி (மண்டபம்): முக்கியமான இடத்தில் பாண்டா சுருளைப் பிரித்தவுடன் திரை முழுக்க நீலமாகிவிட்டதே, அது கதையா, கோளாறா? எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

கோளாறு. ஒத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன் நான். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய கை. லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்குப் போகும் ஒரு விரல் தண்டி வயரிடம் தோற்றுப்போனேன். யாரோ ஒரு குழந்தை ஒன்றுக்குப் போக எழுந்து காலில் இழுத்துவிட்டது.

அது நடந்த நேரம்தான் வேடிக்கை. குங்ஃபூவின் பெரிய ரகசியமே அந்தச் சுருளில் இருக்கிறது என்று ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். போ அதைப் பிரிக்கிறான். பார்த்தால் வெறும் நீலம். நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வயரைத் தேடுகிறேன், கூட்டம் அசையாமல் திரையையே பார்க்கிறது. முன்வரிசையில் ஒரு பெரியவர், “கடல்தான்டா ரகசியம், நம்மளத்தான் சொல்றான்” என்றார். அதற்கு விசில் வேறு.

கதைப்படி அந்தச் சுருளில் எழுத்தே கிடையாது. பளபளவென்று வெறுமையாக இருக்கும். பிரித்துப் பார்க்கிறவன் முகம் அதில் தெரியும். ஆக உங்கள் வீட்டுச் சண்டையில் ‘ஒன்றுமே இல்லை’ என்றவர் கட்சி ஜெயித்தது. ‘நீலம்’ கட்சிக்காரர்களிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, என் மகளுக்கு அஞ்சு வயசு. படம் பார்த்ததிலிருந்து தம்பியை எட்டி உதைக்கிறாள். இது குழந்தைகளுக்கான படம்தானா?

குழந்தையோடு பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் என்று சொல்வேன். அமெரிக்காவிலேயே பெற்றோர் துணை தேவை என்ற சான்றிதழோடுதான் வந்தது. ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. அடி வாங்கியவன் எழுந்து முதுகைத் தட்டிவிட்டுப் போவான். என்றாலும் தாய் லுங் சிறையிலிருந்து தப்புகிற கட்டம் சின்னதுகளுக்கு பயம்தான். ஆயிரம் காவலாளிக்கு ஒரே ஒரு கைதி. அவன் கீழே விழுந்த ஒரு வாத்து இறகை வைத்துப் பூட்டைத் திறந்துவிடுகிறான். அந்த இடத்தில் என் பேத்தி என் துண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். “முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா” என்று உள்ளேயிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாகத்தை இப்போது போட்டுக் காட்டாதீர்கள். அதில் ஒரு தாய்ப் பாண்டா குழந்தையைக் காப்பாற்ற முள்ளங்கிப் பெட்டியில் ஒளித்துவைத்துவிட்டு ஓடுகிற காட்சி இருக்கிறது. எனக்கே தொண்டையை அடைத்தது.

உதைப்பதற்கு மருந்து: ஒரு தலையணையைக் காட்டி, இதுதான் தாய் லுங் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டே நாளில் தலையணை செத்தது, சண்டையும் நின்றது. பஞ்சு கூட்டுவதுதான் வேலை.

கேள்வி (சாயல்குடி): நான் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறவன். படத்தில் காட்டுவது நிஜ வித்தையா, சும்மா குரங்கு சேட்டையா? அதில் வரும் அடிகளை வர்மத்தோடு ஒப்பிடலாமா?

ஆசானுக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

முதலில் ஒரு சங்கதி. அந்தச் சின்னச் செம்பாண்டா குருவின் பெயர் சிஃபூ. சீன மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆசான் என்றுதான் அர்த்தம். ஆசானுக்கு ஆசான் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஊக்வே என்றால் ஆமை, தாய் லுங் என்றால் பெரிய டிராகன்.

சிஃபூவின் ஐந்து சீடர்கள் புலி, கொக்கு, பாம்பு, குரங்கு, கும்பிடுபூச்சி. இந்த ஐந்தும் சீனாவில் நிஜமாகவே இருக்கிற சண்டை முறைகளின் பெயர்கள். கொக்கு ஒற்றைக் காலில் நின்று விலகுவதும், கும்பிடுபூச்சி கொக்கிபோல் கையை வளைத்து இழுப்பதும் அந்த முறைகளிலிருந்தே எடுத்தவை. படம் வரைந்தவர்களுக்கு ஆறு மணி நேரம் குங்ஃபூ வகுப்பு நடத்தினார்களாம். இதைப் படித்தால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். முதல் சில மாதம் கம்பையே கையில் தரமாட்டீர்கள், காலடி மட்டும்தானே உங்கள் பாடம். ஆனால் அந்த ஆறு மணி நேரமும் சண்டை போடுவதற்காக இல்லை. உடம்பின் கனம் எந்தக் காலில் இருக்கிறது, அடி விழும்போது இடுப்பு எங்கே போகிறது என்று வரைகிறவனுக்குத் தெரிய வேண்டும். திரையில் அது தெரிகிறது. போ எகிறி விழுந்தால் முதலில் தொப்பை தரையைத் தொடும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வர்மம் மாதிரியே ஒரு வித்தையும் படத்தில் வருகிறது. நரம்பு பார்த்துத் தட்டினால் ஆள் அப்படியே சிலையாகிவிடுவான். தாய் லுங் ஐந்து சீடர்களில் கொக்கு தவிர மற்ற நாலு பேரையும் அதை வைத்துத்தான் சிலையாக்குகிறான். போவிடம் மட்டும் பலிக்கவில்லை. விரலால் குத்துகிறான், குத்துகிறான், இவன் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரிக்கிறான். நரம்புக்கு மேல் அவ்வளவு கொழுப்பு.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் காட்சி வேறு. சிஃபூவுக்கு இந்தத் தடியனைப் பிடிக்கவே இல்லை. விரட்டப் பார்க்கிறார், முடியவில்லை. ஒரு நாள் சமையல்கட்டில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்கிறார். குரங்கு ஒளித்துவைத்த பாதாம் பிஸ்கட்டுக்காகப் போ அலமாரியின் உச்சியில், இரண்டு காலையும் நேர்க்கோடாக விரித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான், தரையிலிருந்து பத்தடி உயரத்தில். மைதானத்தில் ஒரு காலை இடுப்புக்கு மேல் தூக்க முடியாதவன்! அந்த இடத்தில் ஆசானுக்கு உறைக்கிறது. மறுநாள் மலைக்குக் கூட்டிப்போய், ஒரு கிண்ணம் நிறையக் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குகிறார். (சீனர்கள் வேறு பேர் சொல்வார்கள், கடைகளில் இப்போது மோமோ என்கிறார்கள். மைக் தம்பி கொழுக்கட்டை என்றே சொன்னான், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.) சாப்பிடு என்பார். வாய்க்குப் போகுமுன் தட்டிப் பறிப்பார். கடைசியில் ஒரே ஒரு கொழுக்கட்டை மிச்சம். இரண்டு பேரும் சாப்ஸ்டிக் குச்சியால் அதற்கு அடித்துக்கொள்கிறார்கள். குச்சி முறிகிறது, கிண்ணம் சுழல்கிறது, கொழுக்கட்டை ஆகாயத்தில். கரையில் இருந்த பொடிசுகள் எல்லாம் “கொழுக்கட்டை! கொழுக்கட்டை!” என்று கத்தியதில் மைக்கே கேட்கவில்லை. போ ஜெயிக்கிறான். கையில் பிடித்த கொழுக்கட்டையைத் தின்னாமல் ஆசானிடமே வீசிவிட்டு, பசி இல்லை என்கிறான்.

முப்பது பேருக்கும் ஒரே பாடம் நடத்துவது சுலபம். முப்பதில் ஒருவன் எதற்காக எகிறுவான் என்று பார்த்துவைக்க ஒரு கண் வேண்டும். உங்களிடம் வரும் பிள்ளைகளில் எவன் எதற்கு எகிறுகிறான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி (கீழக்கரை): காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), நான் குண்டான பையன். கல்லூரியில் என்னை ‘பாண்டா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லாரும் சிரிக்கும் படத்தைப் பார்த்து எனக்கு மட்டும் பாதி சிரிப்பு, பாதி எரிச்சல். சரியா?

சரிதான். என்னைப் பள்ளிக்கூடத்தில் ‘பூரி’ என்று கூப்பிட்டார்கள். புரோட்டாக் கடைக்காரர் மகனைப் புரோட்டா என்றாவது கூப்பிட்டிருக்கலாம்.

முதல் அரை மணி நேரம் படம் உங்களைக் கேலிதான் செய்கிறது. மலைப் படிக்கட்டில் ஏற முடியாமல் மூச்சு வாங்குவதை ஒரு தடவை காட்டினால் சிரிப்பு. மறுபடி மறுபடி காட்டினால்? அந்த இடங்களில் எனக்கும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குக் காற்றும் சேர்ந்து கேலி செய்தது. தென்கடல் பக்கம் கச்சான் காற்று தூக்கி அடிக்கும் என்றுதான் வடகடல் கரையில் கட்டினோம். அங்கேயும் அவ்வப்போது ஒரு வீச்சு வரும், திரைத் துணி பாய் மாதிரிப் புடைக்கும். சரியாகப் போவின் வயிறு இருக்கிற இடத்தில் புடைத்தது. அவன் வயிறு நிஜமாகவே நம்மை நோக்கி ஒரு முழம் வெளியே வந்து வந்து போனது. அதற்கு விழுந்த சிரிப்பு படம் எடுத்தவர்களுக்குச் சேராது, கச்சானுக்குத்தான் சேரும்.

ஆனால் முடிவைக் கவனித்தீர்களா? வேறு படமாக இருந்தால் பாட்டு ஒன்றைப் போட்டு, ஓடவிட்டு, தண்டால் எடுக்கவைத்து ஆளை இளைக்கவைத்திருப்பார்கள். இவன் கடைசிவரை ஒரு இஞ்ச் இளைக்கவில்லை. தொப்பையாலேயே இடித்து வில்லனை வானத்துக்கு அனுப்புகிறான். அடுத்த பாகங்களிலும் அதே தொப்பைதான்.

உங்களைப் பாண்டா என்று கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல் சொல்லிவையுங்கள். நிஜப் பாண்டா ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ மூங்கிலுக்குக் குறையாமல் தின்னும், சில நாள் முப்பதையும் தாண்டும். மூங்கிலைப் பிடிக்க அதன் மணிக்கட்டு எலும்பு ஒன்று வளர்ந்து ஆறாவது விரல்போல நிற்கிறது. தின்பதற்காக ஒரு விரலையே முளைக்கவைத்துக்கொண்ட பிராணி. தொதல் இனிப்புக்காக நம்மால் அவ்வளவு தூரம் போக முடியுமா, தம்பி?

கேள்வி (இராமேஸ்வரம்): என் ஆத்தா படம் முழுக்க, “பாவம் அந்தக் கரடி, எல்லாரும் அதைப் போ போன்னு வெரட்டுறாங்களே” என்று வருத்தப்பட்டார். பேரை மாற்றியிருக்கக் கூடாதா?

மைக் தம்பியிடம் கேட்டேன். பாதிப் படத்தில்தான் அவனுக்கே உறைத்ததாம். அதற்கப்புறம் ‘போ தம்பி’ என்று சொல்ல ஆரம்பித்தான். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

கேள்வி (ஏர்வாடி): படம் வரைய எனக்கு ரொம்ப ஆசை. பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்களா அங்கிள்?

இருக்கிறார்கள் அம்மா. முதல் படத்தின் தொடக்கத்தில் போ காணும் கனவு மட்டும் மற்ற இடங்கள்போல இல்லாமல், தட்டையாக, கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக, நிழல் பொம்மை ஆடுவதுபோல இருக்குமே, அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஜெனிஃபர் யூ நெல்சன். தென்கொரியாவில் பிறந்தவர். அடுத்து 2011-ல் வந்த இரண்டாம் பாகம் முழுவதையும் அவரே இயக்கினார். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோ ஒன்றின் அனிமேஷன் படத்தைத் தனியாக இயக்கிய முதல் பெண் அவர்தான். அந்தக் கனவுப் பகுதியை இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திப் பார். உன் கலர் பென்சிலால் முடிகிற வேலை அதில் நிறைய இருக்கிறது.

கேள்வி (பெரியபட்டினம்): சீனாவின் பாண்டாவையும் குங்ஃபூவையும் வைத்து அமெரிக்கா சம்பாதித்துவிட்டதே, சீனர்களுக்குக் கோபம் வரவில்லையா?

சிலருக்கு வந்தது. சீன ஓவியர் ஒருவர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார். பாண்டாக்களின் சொந்த ஊரான சிச்சுவானில் 2008 மே மாதம்தான் பெரிய நிலநடுக்கம் வந்திருந்தது. அந்தத் துக்கத்துக்கு நடுவே பாண்டாவை வைத்து வேடிக்கையா என்று பேச்சு எழுந்து, அங்கே மட்டும் படம் கொஞ்சம் தள்ளி வெளியானது. ஆனால் பார்த்த ஜனம் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தது. அப்புறம்தான் நிஜக் கேள்வியைக் கேட்டார்கள்: நம் வீட்டுச் சரக்கை வைத்து இப்படி ஒரு படம் எடுக்க நமக்கு ஏன் வரவில்லை? உலகம் முழுக்க 63 கோடி டாலர் வசூல், கேட்காமல் இருப்பார்களா? 2025-ல் வந்த சீனப் படம் ‘நெசா 2’ உலகத்தில் அதுவரை எந்த அனிமேஷன் படமும் எடுக்காத வசூலை எடுத்தது. கேள்விக்கு விடை வர 17 வருஷம்.

சீனச் சரக்கு பற்றி உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பெரியபட்டினத்தில் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பச்சைப் பூச்சுப் பீங்கான், நீலமும் வெள்ளையும். அந்த வாத்து தன் கடையில் சூப் ஊற்றித் தருகிற கிண்ணங்களைப் பார்த்தபோது எனக்கு உங்கள் ஊர் மண்தான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் இங்கே கப்பலில் வந்த சீனாக்காரன் எதைச் சாப்பிட்டிருப்பான், சூடைமீன் குழம்பு அவனுக்கு ஒத்துக்கொண்டிருக்குமா என்றெல்லாம் நினைத்துக்கொண்டதில் இரண்டு காட்சி தவறிப்போனது.

கேள்வி (தேவிபட்டினம்): குங்ஃபூவே காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது. அதைப் படத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

தென்னிந்திய அரசன் ஒருவரின் மூன்றாவது மகன் என்று போதிதர்மரைப் பற்றிப் பழைய சீனக் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதைவிடப் பழையதான, கி.பி. 547-ஐ ஒட்டி எழுதிய இன்னொரு குறிப்பு அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. காஞ்சிபுரம் என்பது நம் பக்கத்து மரபு. ஷாவோலின் மடத்துக்கு அவர் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டுகிற நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. தியானத்தைக் கொண்டுபோனார் என்பதில் பெருமைப்பட்டுக்கொள்வோம், அது போதாதா? நம்மூர்ச் சிலம்பத்துக்குச் சீனாவிலிருந்து சான்றிதழ் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. சாயல்குடி ஆசான் இதற்கு என்ன சொல்வாரோ, பயமாகத்தான் இருக்கிறது.

கேள்வி (தொண்டி): நாலாம் பாகம் எப்படி?

2024 மார்ச்சில் வந்தது, நம் தியேட்டர்களில் தமிழிலும் பேசியது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்குக் குறை: ஐந்து சீடர்களையும் ஓரங்கட்டிவிட்டு ஒரு நரிக்குட்டியைக் கூட்டிவந்துவிட்டார்கள். கடைசியில் வந்து தலையைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி (ஊர் வேண்டாம்): என் அக்கா பிரசவத்தோடு போய்விட்டாள். அவள் மகனைக் கைக்குழந்தையிலிருந்து நான்தான் வளர்க்கிறேன். ஒன்பது வயசு. என்னைத்தான் அம்மா என்கிறான். படம் பார்த்துவிட்டு வந்து, “வாத்துக்கு எப்படிம்மா கரடி பிறக்கும்?” என்று கேட்டான். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. என்ன சொல்வது?

தங்கச்சி, இந்தக் கடிதத்தைப் போடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். நீங்கள் போடச் சொல்லி எழுதியிருப்பதால் போடுகிறேன்.

முதல் படத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஊரே வாத்தையும் பாண்டாவையும் பார்க்கிறது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதுவே ஒரு நல்ல ஊர். இரண்டாம் பாகத்தில்தான் போ வந்து நேரடியாகக் கேட்கிறான். கேட்டவுடன் அந்த வாத்துக்கு முகம் விழுந்துவிடுகிறது. அப்புறம் சொல்கிறது. ஒரு நாள் கடைக்குப் பின்னால் காய்கறி இறக்கினார்கள், முள்ளங்கிப் பெட்டியைத் திறந்தால் முள்ளங்கி இல்லை, நீ இருந்தாய். யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருந்தேன், யாரும் வரவில்லை. உள்ளே கொண்டுவந்தேன், சோறு போட்டேன், குளிப்பாட்டினேன். அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தேன்: இனிமேல் முள்ளங்கி போடாமல் சூப் வைப்பது, உன்னை என் மகனாக வளர்ப்பது. இவ்வளவுதான் சொல்கிறது. முள்ளங்கியை முதலில் சொல்லிவிட்டு மகனை இரண்டாவதாகச் சொல்கிறதே, அதில்தான் எனக்குக் கண் கலங்கியது.

அந்த வாத்து செய்த ஒரே தப்பு, பிள்ளை ஆளாகி, தானாக வந்து கேட்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தது. நீங்கள் அவ்வளவு நாள் வைக்க வேண்டாம். நம் ஊர்களைத் தெரியும்தானே? குழாயடியில் குடத்துக்குச் சண்டை வந்தால் போதும், எவளாவது ஒருத்தி அவன் காதுபடவே சொல்லிவிடுவாள். அவள் சொல்வதற்கு முந்தி நீங்கள் சொல்லிவிடுங்கள். உட்காரவைத்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம். கருவாடு ஆயும்போதோ, அவன் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதோ, அக்காவைப் பற்றி ஒரு சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும், எந்த மீன் பிடிக்கும், அவனை வயிற்றில் வைத்துக்கொண்டு எதைத் தின்ன ஆசைப்பட்டாள். போட்டோ இருந்தால் காட்டுங்கள். அவன் இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம், இருக்கட்டும். மூன்றாம் நாள் பசிக்கும்போது யாரைக் கூப்பிடுகிறான் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (இராமநாதபுரம்): உங்கள் அப்பாவின் புரோட்டாக் கடையில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். படத்தில் வாத்து தன் சூப்பில் ரகசியப் பொருள் எதுவுமே இல்லை என்கிறதே, அப்படியானால் உங்கள் கடைச் சால்னாவிலும் ஒன்றும் இல்லையா?

வம்புக்கு இழுக்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன், கடை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது.

படத்தில் அது நல்ல இடம். ஊரை விட்டுக் கிளம்புகிற நேரத்தில், தோற்றுப்போய் வந்து நிற்கிற மகனிடம் வாத்து சொல்கிறது: சூப்பில் ரகசியப் பொருள் என்று எதுவும் கிடையாது, விசேஷம் என்று நம்பினால் அது விசேஷமாகிவிடும். அதைக் கேட்டுத்தான் போவுக்கு அந்த வெற்றுச் சுருளின் அர்த்தம் விளங்குகிறது. எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி இந்த இடத்தைத்தான் புகழ்கின்றன. ‘தன்னம்பிக்கை’ என்ற வார்த்தையை மட்டும் பதினோரு கடிதத்தில் எண்ணினேன்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்பினால் போதும் என்றால் எங்கள் அப்பா ராத்திரி கடை அடைத்துவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கறிக்கடை வாசலில் நின்றிருக்க வேண்டாம். எலும்புக்காக நிற்பார். கறி வாங்கக் கட்டுப்படியாகாது. நெஞ்செலும்பும் முட்டியும் மலிவாகக் கிடைக்கும். அதைச் சாயங்காலம்வரை விறகடுப்பில் தளதளவென்று கொதிக்கவிடுவார். முண்டு வத்தலை வறுத்துப் பொடிக்க மாட்டார், விதையைத் தட்டிவிட்டு வெந்நீரில் ஊறவைத்து அம்மியில் அரைப்பார். அரைப்பது நான். அந்த எரிச்சல் இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது.

வந்தவர்கள் என்னதான் போடுகிறீர்கள் என்று கேட்டால் ஒருத்தரிடம் கசகசா என்பார், ஒருத்தரிடம் பொட்டுக்கடலை என்பார், போலீஸ்காரர் ஒருவரிடம் மிளகாயோடு ஒரு மூலிகை என்றே சொன்னார். நான் ஆபரேட்டர் வேலைக்குக் கிளம்பிய அன்றைக்குக் கேட்டேன், “ஏன்பா எலும்புன்னு சொல்லிட வேண்டியதுதான?” என்று. “எலும்புன்னு சொன்னா விலை கேப்பான். ரகசியம்னு சொன்னாத்தான்டா மறுநா வருவான்” என்றார்.

போவும் நம்பி மட்டும் ஜெயிக்கவில்லை, பாருங்கள். கொழுக்கட்டைக்காக அவன் மலையில் உருண்டு புரண்டதெல்லாம் சுருளைப் பிரிப்பதற்கு முந்தியே முடிந்துவிட்டது. படம் எடுத்தவர்கள் வசனத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, காட்சியில் வேறொன்றைக் காட்டிவிட்டார்கள். நான் காட்சியின் பக்கம்.

கேள்வி (மண்டபம் முகாம்): அடுத்த படம் எப்போது? எங்கள் பிள்ளைகள் தினமும் கரைக்குப் போய்த் திரை கட்டியாச்சா என்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஜூன் 14-ஆம் தேதியோடு 61 நாள் தடை முடிந்துவிட்டது. அந்த வல்லங்கள் இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. திரையைக் கட்டிய கம்பங்களில் இப்போது வலை காய்கிறது. மைக் தம்பிக்குத் தேர்வு.

திரைத் துணி விஷயம் தனிக்கதை. நாலு வேட்டியைச் சேர்த்துத் தைத்தது அது. ஒரு வேட்டி என்னுடையது, மூன்று வேட்டி பக்கத்தில் மீன் காயப்போடும் வாடிக்காரர் கொடுத்தது. படம் முடிந்ததும் அவர் அப்படியே சுருட்டி எடுத்துப்போய், பிரிக்கக்கூட இல்லை, வாடியில் விரித்து நெத்திலி காயப்போட்டுவிட்டார். போன வாரம் போய்க் கேட்டேன். “துவைச்சுத் தர்றேன்யா” என்று சொல்லியிருக்கிறார். மூன்று தடவை துவைத்தாயிற்றாம், வாடை போகவில்லையாம். மீன் வாடை பரவாயில்லை, அடுத்த படமும் கடல் பக்கத்துப் படமாக இருந்தால் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வயர் மட்டும் புதுசு வாங்கியாயிற்று, எட்டு மீட்டர். இந்தத் தடவை மணலுக்குள் புதைத்துக் கொண்டுபோவேன்.